வேகத்தை அளக்கும் கோல்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் சங்கத்து நண்பர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்கு மனப்பாடம். வண்டியில் இரண்டு இரவு; நடுவே ஒரு முழுப் பகல். விடுதியில் கட்டிக்கொடுத்த சப்பாத்தி முதல் இரவோடு முடிந்துவிடும். நாகபுரியில் ஆரஞ்சு வாங்குவோம். விஜயவாடா தாண்டிவிட்டால் வீட்டு வாசலையே மிதித்துவிட்டதுபோல ஒரு நிம்மதி. இந்த நீண்ட பயணத்தில் எவரேனும் ஒருவர் மேல்தட்டிலிருந்து தலையை நீட்டி, "ஜப்பானில் ஓடுகிறதே, அந்த வண்டி இங்கே வந்தால் எப்படியிருக்கும்?" என்று கேளாமல் இருப்பதில்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணி, "டில்லியில் காலையில் ஏறினால் மாலையில் சென்னை" என்று இன்னொருவர் விடையும் சொல்லிவிடுவார்.

சென்ற முறை நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டு வந்தபோது எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், "சரி தம்பி, வண்டி வேகமாகப் போகும். நடுவில் இருக்கிற இந்த ஊருக்கு அதனால் என்ன கிடைக்கும்?" என்று சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியாதபடி ஒரு சிறு நிலையத்தை வண்டி அப்போது கடந்துகொண்டிருந்தது. எங்களில் பொருளாதாரம் பயில்பவர் இருவர் இருந்தோம். இருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்தபின் நூலகத்தில் அதற்கு விடை தேடினேன். கிடைத்ததை, பொருளாதாரம் பயிலாத அன்பர்களும் படிக்கத்தக்க முறையில் இங்கே எழுத முயல்கிறேன்.

அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மிச்சமாகும் நிமிடங்களை எண்ணுவதே அது. 1964 அக்டோபர் முதல் நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் விரைவு வண்டிக்கே ஆறரை மணி நேரம் பிடித்த வழி அது. புதிய வண்டி நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த ஆண்டே அது 3 மணி 10 நிமிடமாகக் குறைந்தது. ஆக, ஒருவருக்கு மூன்று மணிக்கு மேல் மிச்சம். பயணிகள் இத்தனை பேர், ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு இவ்வளவு என்று பெருக்கினால் ஒரு தொகை வந்துவிடுகிறது. உலகெங்கும் போக்குவரத்துத் திட்ட அறிக்கைகளின் முதுகெலும்பு இந்தப் பெருக்கல்தான்.

இதில் ஒரு பிழை பார்த்த மாத்திரத்தில் தெரியும். வண்டியில் இருக்கும் நேரம் வீணான நேரம் என்று இக்கணக்கு கொள்கிறது. இங்கிலாந்தில் இலண்டனிலிருந்து வடக்கே அதிவேகப் பாதை போடத் திட்டமிட்டபோது, அலுவலாகச் செல்வோர் வண்டியில் வேலை செய்வதில்லை என்று கணக்கர்கள் எடுத்துக்கொண்டதைப் பலர் கண்டித்தனர். மடிக்கணினி வந்த பிறகும் இப்படிக் கணக்கிடலாமா என்பது அவர்கள் கேள்வி. (நம்மில் சிலர் தேர்வுக்குப் படித்ததே வண்டியில்தான் என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.) ஆனால் இதனினும் பெரிய குறை வேறு. இந்தப் பெருக்கலில் பயணி இருக்கிறார், ஊர் இல்லை. பெரியவரின் கேள்விக்கு இதில் இடமே கிடையாது.

ஊரை அளப்பதென்றால் முதலில் தோன்றுவது, இரயில் வருமுன் ஊரின் வருமானம் என்ன, வந்தபின் என்ன என்று ஒப்பிடுவது. செய்தித்தாள்களில் நாம் காணும் பெருமிதக் கணக்குகள் பெரும்பாலும் இவ்வகையின. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இங்கேதான் நுழைகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் நகரத்துக்கே பாதை போடுகிறார்கள். பாதை வந்தபின்னும் அந்நகரம் வளர்கிறது. உடனே பாதைதான் வளர்த்தது என்று சொல்லிவிடுகிறோம். பாதை வராமலிருந்தாலும் அது வளர்ந்திருக்குமே! மருத்துவமனைக்குப் போகிறவர்களில் நோயாளிகள் மிகுதி என்பதால் மருத்துவமனை நோயைத் தருகிறது என்று எவரும் சொல்வதில்லை. இரயில் விஷயத்தில் மட்டும் அதே தர்க்கத்தைத் தலைகீழாக ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

நிலையம் வந்தும் நகரம் வராத இடங்களும் உண்டு. அதே முதல் ஷின்கான்சென் பாதையில் கிஃபு-ஹஷிமா என்ற நிலையம் 1964-லேயே திறக்கப்பட்டது. சுற்றிலும் வயல். ஓனோ பம்போகு என்ற அரசியல் தலைவரின் செல்வாக்கால் வந்த நிலையம் என்பது ஜப்பானில் பரவலான பேச்சு. நிலையத்தின் முன் அவருக்கும் அவர் மனைவிக்கும் சிலை எழுப்பியிருக்கிறார்கள். சிலைதான் விரைவில் எழுந்தது. அதைச் சுற்றி நகரம் எழ நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே "நிலையம் வந்தால் வளம் வரும்" என்பதை ஒரு விதியாகக் கொள்ள இயலாது.

அப்படியானால் என்னதான் செய்வது? இரயில் வராமல் இருந்திருந்தால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த ஊர் உலகில் எங்கும் இல்லை. இல்லாத ஊரை உண்டாக்கிப் பார்த்த கதைதான் நான் படித்தவற்றுள் மிகவும் சுவையானது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்மனியில் கொலோன், பிராங்க்பர்ட் ஆகிய இரு பெருநகரங்களுக்கு இடையே 2002-இல் ஒரு புதிய அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. பழைய வண்டி ரைன் ஆற்றங்கரையோடு வளைந்து வளைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். புதிய பாதை மலைகளை ஏறிக் கடந்து, நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். சரக்கு வண்டிக்கு அதில் இடமில்லை, பயணிகள் மட்டுமே. நேராகப் போக வேண்டிய இந்தப் பாதையில் நடுவே மூன்று நிலையங்கள் முளைத்தன: சீக்பர்க், மொன்டபௌர், லிம்பர்க். இவற்றுள் மொன்டபௌர் நம் நாட்டில் ஒரு பேரூராட்சி அளவே இருக்கும். மக்கள்தொகை பதினான்காயிரத்தை ஒட்டியே. லிம்பர்க் அதனினும் பெரிது என்றாலும் பெருநகரம் அன்று. இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். முழு வேகத்தில் செல்லும் வண்டிக்கு அது நான்கு நிமிட ஓட்டம்! எந்தப் பொறியாளரும் விரும்பி இப்படி அடுத்தடுத்து நிலையம் வைக்க மாட்டார்.

வைத்ததற்குக் காரணம் அரசியல். பாதை மூன்று மாநிலங்களின் வழியே செல்கிறது. "எங்கள் நிலத்தின் வழியே போகும் வண்டி எங்கள் ஊரில் நிற்காதா?" என்று மாநிலங்கள் வாதாடின. பெரியவரின் கேள்வியேதான், வேறு மொழியில். பேரம் பேசி முடிந்தபோது மாநிலத்துக்கு ஒன்று என்று நிலையங்கள் கிடைத்தன.

பொறியாளர்களுக்கு எரிச்சல் தந்த இந்தப் பேரம் ஆராய்ச்சியாளர்களுக்குப் புதையலாக அமைந்தது. ஏனென்றால் இந்த ஊர்கள் வளரும் ஊர்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. காக்கையும் பனம்பழமும் இங்கே வேறு வேறாகப் பிரிந்து நிற்கின்றன. கேப்ரியேல் ஆல்ஃபெல்ட், ஆர்னே ஃபெடர்சென் என்ற இரு பொருளியலாளர்கள் இதைப் பற்றிக்கொண்டார்கள். இந்த மூன்று நிலையங்கள் உள்ள மாவட்டங்களுக்கு அவர்கள் நிழல் மாவட்டங்களைச் செய்தார்கள்.

நிழல் மாவட்டம் செய்வது எங்ஙனம்? உதாரணத்துக்குச் சொன்னால், இரயில் வராத மாவட்டங்களில் ஒன்றிலிருந்து பத்தில் நான்கு பங்கு, இன்னொன்றிலிருந்து மூன்று பங்கு, மற்றொன்றிலிருந்து மூன்று பங்கு என்று அவற்றின் வருமானக் கணக்குகளைக் கலக்க வேண்டும். பங்கு எவ்வளவு என்பதை ஆராய்ச்சியாளர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. இரயில் வருவதற்கு முந்திய ஆண்டுகளில் இந்தக் கலவையின் போக்கும் மொன்டபௌர் மாவட்டத்தின் போக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பங்குகள் அமைய வேண்டும். சாம்பாருக்குப் புளியும் உப்பும் ருசி பார்த்துச் சேர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ருசி இங்கே பழைய புள்ளிவிவரம். முன்னைய ஆண்டுகளில் இரண்டும் ஒத்துப்போனால், பின்னைய ஆண்டுகளில் நிழல் போகும் பாதையே இரயில் வராதிருந்தால் ஊர் போயிருக்கும் பாதை என்று கொள்ளலாம். உண்மைக்கும் நிழலுக்கும் இடையே விழும் இடைவெளிதான் இரயிலின் விளைவு.

அந்த இடைவெளி சராசரியாக நூற்றுக்கு 8.5 என்று அவர்கள் கண்டார்கள். அதாவது இரயில் நிற்காமல் போயிருந்தால் 100 ரூபாயாக இருந்திருக்கக்கூடிய மாவட்ட உற்பத்தி 108 ரூபாய் 50 காசாக நின்றது. சிறிய தொகை அன்று.

இதனோடு இன்னொரு அளவையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நகரத்தின் பொருளாதார வலிமை அக்கம்பக்கத்துக்குப் பரவுகிறது. தொலைவு கூடக் கூட மங்குகிறது. தொலைவைக் கிலோமீட்டரில் அளவாமல் பயண நேரத்தில் அளந்தார்கள். ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் அந்த ஈர்ப்பு பாதியாகக் குறைகிறது. ஒரு மணி நேரத் தொலைவில் கால் பங்கு. ஒன்றரை மணியில் அரைக்கால் பங்கு. சுமார் 200 நிமிடத்தில் நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு வந்து ஓய்கிறது. வேகம் ஊர்களை நகர்த்துவதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் அவை நகர்ந்து வந்துவிட்டதாகவே பொருள். இந்த அரைக்கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடைசியில் மறுபடி தேவைப்படும்.

இவ்வளவு நேர்த்தியான ஆராய்ச்சியிலும் ஒரு முள் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதியிருப்பதே அவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டாகக் காரணம். ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட உற்பத்தியும் நெருக்கத்தால் உயர்கிறது. ஆனால் இருந்தவர்களின் திறன் வளர்ந்ததைவிட, திறன் மிக்கவர்களும் நல்ல நிறுவனங்களும் அங்கே வந்து சேர்ந்ததே அதற்குக் காரணமாகத் தோன்றுகிறது என்கிறார்கள். அப்படியானால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பானையிலிருந்த நீரைக் குடத்தில் ஊற்றிவிட்டுக் குடத்தை மட்டும் அளந்தால் நீர் பெருகியதாகத்தான் தெரியும். 8.5-இல் எவ்வளவு புதிய செல்வம், எவ்வளவு இடம் மாறிய செல்வம் என்பது மொன்டபௌரில் நின்றுகொண்டு மட்டும் சொல்லக்கூடியதன்று.

பானையை அளந்தவர் ஒருவர் உண்டு. சீனாவில் 2004-இலும் 2007-இலும் பழைய பாதைகளிலேயே வண்டிகளின் வேகம் உயர்த்தப்பட்டது. வேகம் கூட வேண்டுமானால் நிற்கும் இடங்கள் குறைய வேண்டும். பெருநகரங்கள் மகிழ்ந்தன. யூ சின் என்ற பொருளியலாளர், பாதை தன் வழியே சென்றும் வேக வண்டி நிற்காத சிறு வட்டங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார். அவற்றின் உற்பத்தி நூற்றுக்கு 3 முதல் 5 வரை குறைந்திருந்தது. முதலீடு அவற்றை விட்டு விலகியதே இதற்குப் பெருங்காரணம். தொழில் தொடங்க நினைப்பவர், வண்டி நிற்கும் ஊர் எது என்று பார்த்து அங்கே போய்விடுகிறார். நம் பெரியவர் சன்னலுக்கு வெளியே காட்டிய ஊர் இந்தக் கணக்கில் வருகிறது. கழித்தல் குறியோடு வருகிறது.

இங்கிலாந்தில் இதே செய்தி சற்று நாடகமாக வெளிப்பட்டது. மேலே குறித்த பாதைக்காக ஒரு பெரிய கணக்காளர் நிறுவனம் 2013 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்தது. பாதை அமைந்தால் 2037 அளவில் நாட்டுக்கு ஆண்டுதோறும் 1,500 கோடி பவுன் நன்மை என்றது. அடுத்த மாதமே, தகவல் அறியும் சட்டத்தின்படி பி.பி.சி. கேட்டுப் பெற்ற விவரங்களில் மறுபக்கம் தெரிந்தது. அதே கணக்கின்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் நட்டமடையும்; வடகோடியில் ஆபர்டீன், கிழக்கே நார்போக் போன்றவை அப்பட்டியலில் இருந்தன. கூட்டலும் கழித்தலும் ஒரே தாளில் போட்டவைதாம். மக்கள் முன் வந்தது கூட்டல் மட்டும். கணக்கு முறையே தவறு என்று சொன்ன பொருளியலாளர்களும் இருந்தார்கள். பின்னர் 2023 அக்டோபரில் அப்பாதையின் மான்செஸ்டர்ப் பிரிவையே அரசு கைவிட்டுவிட்டது. எனவே மான்செஸ்டரைப் பொறுத்தவரை அந்த இலாபத்தை இனி யாரும் சரிபார்க்க வேண்டிய தேவை இல்லை.

ஒரு கிளைக்கதை. நம் நாட்டு இரயிலையே இப்படி அளந்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆங்கிலேயர் காலத்தில் போட்ட பாதைகள் மாவட்டங்களின் வேளாண் வருமானத்தை என்ன செய்தன என்று டேவ் டொனால்ட்சன் என்பவர் பழைய ஏடுகளைக் கிளறி ஆராய்ந்தார். பாதை வந்த மாவட்டத்தில் மெய் வருமானம் ஏறக்குறைய நூற்றுக்கு 16 உயர்ந்தது என்றார். காக்கையும் பனம்பழமுமா என்று சோதிக்க அவர் கையாண்ட உத்தி அழகானது. திட்டமிடப்பட்டு, அளந்தும் பார்க்கப்பட்டு, ஆனால் போடப்படாமலே போன பாதைகள் ஆயிரக்கணக்கான மைல் உண்டு. வளரும் இடம் பார்த்துத்தான் திட்டமிடுகிறார்கள் என்றால், அந்த ஓடாத இரயிலின் வழியிலும் வருமானம் உயர்ந்திருக்க வேண்டுமன்றோ? அங்கே அத்தகைய உயர்வு இல்லை. ஓடாத இரயிலுக்கும் ஆராய்ச்சியில் ஒரு பயன் உண்டென்று அறிந்தபோது, எனக்கு நம் ஊர்ப்பக்கம் பல காலமாகத் தாளில் மட்டுமே ஓடும் சில பாதைகளின்மீது புதிய மரியாதை பிறந்தது.

இனி வரப்போகும் வேகங்கள் இன்னும் பெரியவை. ஜப்பானில் தண்டவாளத்தைத் தொடாமல் காந்த விசையால் மிதந்து ஓடும் வண்டி 2015 ஏப்ரலில் சோதனையில் மணிக்கு 603 கிலோமீட்டரை எட்டியது. டோக்கியோவிலிருந்து நகோயா வரை 286 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடப்பது நோக்கம். பெரும்பகுதி சுரங்கம். அதில் சுமார் 11 கிலோமீட்டர் ஷிசுவோகா மாநிலத்தின் மலைகளுக்கு அடியே செல்கிறது. அம்மாநிலத்தில் நிலையம் கிடையாது. சுரங்கம் தோண்டினால் ஓயி ஆற்றின் நீர் குறையும் என்று அஞ்சி அம்மாநிலம் பல ஆண்டுகள் இசைவு தரவில்லை. 2027-இல் திறப்பது என்ற இலக்கு 2024-இல் கைவிடப்பட்டது. நகோயாவின் இலாபத்தை யென்னில் எழுதிவிடலாம். ஆற்று நீரை எந்தப் பத்தியில் எழுதுவது? நிழல் மாவட்டம் செய்பவரிடமும் இதற்குக் கருவி இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் நீளத்தில், 12 நிலையங்களோடு, மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்துக்கான பாதைக்கு 2017 செப்டம்பர் 14-இல் அடிக்கல் நாட்டினார்கள். மும்பை, சூரத்து, வடோதரா, அகமதாபாத் போன்ற பெருநகரங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவற்றின் வளர்ச்சியில் இரயிலின் பங்கைப் பிரிப்பது கடலில் கரைத்த உப்பைத் தேடுவது போன்றது. போய்சர், வாப்பி, பிலிமோரா என்று நடுவே சிறிய நிலையங்களும் இருக்கின்றன. நம் மொன்டபௌர்கள் இவையே.

ஆனால் இவற்றுக்கு நிழல் செய்ய நம்மிடம் என்ன இருக்கிறது? ஜெர்மனியில் மாவட்ட உற்பத்தி ஆண்டுதோறும் ஒழுங்காகக் கணக்கிடப்படுகிறது. இங்கே மாவட்டக் கணக்கு பெரும்பாலும் மாநிலத் தொகையைச் சில குறியீடுகளைக் கொண்டு பங்கிட்டு எழுதுவது. பங்கிட்டு எழுதிய எண்ணில் இரயிலின் விளைவைத் தேடினால் பங்கிட்டவரின் கைதான் தென்படும். நில விலையைப் பார்க்கலாமென்றால், பத்திரத்தில் எழுதும் விலைக்கும் கைமாறும் விலைக்கும் உள்ள உறவை வாசகர்கள் அறிவார்கள். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுக்கும் இரவு வெளிச்சத்தை வைத்து வளர்ச்சியை மதிப்பிடும் முறை 2012-க்குப் பிறகு பொருளியலாளரிடையே பெரிதும் பரவியிருக்கிறது. நமக்கு அது ஓரளவு கைகொடுக்கும். எஞ்சியவற்றை வண்டி ஓடுவதற்கு முன்பே, இப்போதே, காலால் நடந்து எழுதிவைக்க வேண்டும்: வீட்டு வாடகை எவ்வளவு, கடைகள் எத்தனை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு யார் வேலைக்குப் போகிறார்கள், எவ்வளவு நேரத்தில். நிலையம் வரும் ஊரில் மட்டும் எழுதினால் குடத்தை மட்டும் அளந்தவர்கள் ஆவோம். நிலையம் வராத அடுத்த ஊரிலும் அதே வினாக்களைக் கேட்க வேண்டும். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலையும் நம் நண்பர்கள் மூவர் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பிலிமோராவை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய நிலையம் ஊருக்குச் சற்று வெளியே, கேசலி என்ற கிராமத்தில் எழும்புகிறது. அதே பிலிமோராவிலிருந்து பரோடா சமஸ்தானக் காலத்தில் காட்டுப்பக்கம் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். 63 கிலோமீட்டர் தொலைவில் டாங் மாவட்டத்து வகாய் வரை அது செல்லும். பழங்குடி மக்கள் மிகுந்த மாவட்டம் அது. அந்தச் சிறு வண்டி அத்தொலைவைக் கடக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஜெர்மன் ஆராய்ச்சியின் அரைக்கணக்கை அப்படியே இங்கே ஒட்டுவது முறையன்று என்பது தெரியும். ஆயினும் ஒட்டிப் பார்த்தேன். மூன்று மணி என்பது ஆறு அரை மணி. ஆறு முறை பாதியாக்கினால், பிலிமோராவுக்கு வந்து சேரும் வலிமையில் வகாய்க்கு எட்டுவது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. பிலிமோராவில் இறங்கியதும் ஒரு பேருந்து காத்திருந்து, ஒன்றரை மணி நேரத்தில் வகாயில் விட்டுவிடுமானால், அதே கணக்கில் எட்டில் ஒரு பங்கு. புல்லட் இரயிலின் வேகத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்ட வேண்டியதில்லை.